பரிசுப் பணம் யாருக்கு? மதுரை சிம்மக்கல் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்



பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் நம் பகுதியில் முதல் மூன்று இடம் பிடிக்கும் பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு விழா. வெளியூர், வெளிநாட்டில் இருப்பவர்கள் வழக்கம்போல் உதவ வேண்டும் என்று உங்கள் செய்தி வந்தது. என் பங்கை அனுப்பிவிட்டேன். அந்தப் பணம் யார் கைக்குப் போக வேண்டும் என்பதில் மட்டும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தயவுசெய்து கூட்டத்தில் வாசியுங்கள்.

மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பட்டியல் போடுவதைத் தமிழக அரசு 2017 மே மாதமே நிறுத்திவிட்டது. அப்போது செங்கோட்டையன் பள்ளிக் கல்வி அமைச்சர். நம் மதுரைக்குக் கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் துறைச் செயலாளர். அதற்கு முன்னால் ரிசல்ட் நாளில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அம்மா லட்டு ஊட்டும் படம் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வரும். பள்ளிகள் அதே படத்தைப் பெரிதாக்கி அடுத்த வருட அட்மிஷனுக்கு விளம்பரம் போடும். பிளஸ் டூ மார்க்குக்காகப் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருட்டிய பள்ளிகள் எத்தனை! அதைத் தடுக்கத்தான் 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மறு வருடம் பிளஸ் டூ மொத்த மார்க் 1200-லிருந்து 600 ஆனது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு பிள்ளைகளுக்குக் கூடுதல் சுமை என்று, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதையும் எடுத்துவிட்டது.

இத்தனை மாறியும் நம் தெருவில் ரேங்க் மாறவில்லை. அரசு நிறுத்திய பட்டியலை நாம் பிளெக்ஸில் போடுகிறோம், மேடையில் மைக் வைத்து வாசிக்கிறோம். முதல் இடம் வந்த பிள்ளைக்குச் சால்வை, ஷீல்டு, ரொக்கம். அந்தப் பிள்ளையின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்கப் பள்ளி இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, சீட் கொடுக்கக் கல்லூரிகள் காத்திருக்கின்றன. அதே வரிசை வீட்டில் கணக்கில் 31 வாங்கிய பையன் விழா நடக்கும் தெருப்பக்கமே வருவதில்லை. அவன் வீட்டுக் கதவைத் தட்ட ஆள் இல்லை.

2025-இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 விழுக்காடு. எழுதியவர்கள் எட்டரை லட்சத்துக்கு மேல் என்பதால், மிச்சமிருக்கும் 6.2 விழுக்காடு என்பது ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள். ஐந்து பாடத்திலும் 35 எடுத்தால்தான் தேர்ச்சி. நான்கில் எழுபதும் எண்பதும் வாங்கி ஒன்றில் 34 என்றாலும் பிளஸ் ஒன் கதவு திறக்காது. எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் கிடையாது என்பதால், ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாமல் போன பிள்ளை அந்தக் குறையோடே மேலே வந்து, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முட்டிக்கொள்கிறது. எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் ஆக்காதது சரிதான். நடுவில் தூக்கிவிட ஆள் இல்லாததுதான் குறை.

இந்தப் பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். யானைக்கல் பழக்கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் பையனைப் பாருங்கள். இரண்டே முக்கால் கிலோ கொய்யாவுக்கு விலையும் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறையும் காகிதம் இல்லாமல் சொல்வான். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழு கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை ஆராய்ந்து 2025-இல் இதையேதான் எழுதினார்கள்: சந்தைக் கணக்கைச் சட்டென்று போடும் பிள்ளைகள், அதே அளவு கணக்கைப் பள்ளிப் பாணியில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். தெரிந்த கணக்கிலிருந்து பாடக் கணக்குக்கு யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும்.

நான் இருக்கும் டெக்சாஸில் பள்ளிப் படிப்பை முடிப்பது வேறு விதம். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்ணோடு அவர் மகனின் பள்ளிக்குப் போயிருந்தேன். பள்ளி ஆலோசகர் ஒரு தாளை மேசையில் விரித்தார். ஆங்கிலம் நான்கு, கணக்கு, அறிவியல், வரலாறு என்று வரிசையாகக் கட்டங்கள். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வருடத்தில் 26 கிரெடிட் (பாட அலகு) சேர்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் மகனுக்கு அல்ஜீப்ராவில் ஒரு கட்டம் காலி. கோடை வகுப்பில் அந்த ஒன்றை மட்டும் முடித்தால் போதும், மற்றதெல்லாம் அப்படியே நிற்கும் என்றார். பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. அழுகை இல்லை, திட்டு இல்லை.

ரேங்க் இங்கேயும் உண்டு. 1997-இல் டெக்சாஸ் ஒரு சட்டம் போட்டது: எந்தப் பள்ளியாக இருந்தாலும், அந்தப் பள்ளியின் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வந்தால் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. கூட்டம் தாங்காமல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் இதைச் சுருக்கிச் சுருக்கி 2026-இல் ஐந்து விழுக்காட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறது. இதிலும் குறை இருக்கிறது: ரேங்க் இறங்கிவிடுமோ என்று பயந்து, பிடித்த இசை வகுப்பை விடும் பிள்ளைகள் உண்டு. ஆனாலும் ஏழைப் பள்ளிப் பிள்ளையை அதே பள்ளிப் பிள்ளைகளோடுதான் ஒப்பிடுகிறார்கள். மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் நம் அரசு கொடுத்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டிலும் அந்த நியாயம் இருக்கிறது. ஏசி அறையில் மூன்று டியூஷன் போன பிள்ளையையும், விடியற்காலையில் கடை திறந்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிய பிள்ளையையும் ஒரே பட்டியலில் அடுக்கிப் பரிசு கொடுக்கும் நம் விழாவில் அந்த நியாயம் இல்லை.

ஆகவே என் யோசனை இது. முதலிடம் வந்த பிள்ளைகளுக்கு நல்ல புத்தகம் ஒன்று கொடுத்து வாழ்த்துவோம். மிச்சப் பணம் முழுவதும் தவறிய பிள்ளைகளுக்குப் போகட்டும்.

மே மாதம் ரிசல்ட் வந்தால், ஜூன் கடைசியில் பிளஸ் டூவுக்கும் ஜூலை முதல் வாரத்தில் பத்தாம் வகுப்புக்கும் துணைத்தேர்வு நடக்கிறது. தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். பத்தாம் வகுப்பில் தேறிவிட்டால் அதே வருடம் பிளஸ் ஒன்னில் சேரலாம், ஒரு வருடமும் வீணாகாது. இது தெரியாமலே பிள்ளையைக் கடைக்கு அனுப்பிவிடும் வீடுகள் நம் பகுதியில் உண்டு. பிளஸ் டூ விடைத்தாள் நகல் வாங்கி மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம் என்பதும், அதற்குச் சில நாட்களே அவகாசம் என்பதும் பலருக்குத் தெரியாது.

ரிசல்ட் அன்றே வீடு வீடாகப் போவோம். விண்ணப்பம் போட்டுக் கொடுப்போம், கட்டணத்தை நிதியிலிருந்து கட்டுவோம். நம் பகுதியிலேயே மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. உட்கார்ந்து படிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். மாலையில் ஏழு வாரம் உட்கார்ந்தால் 31 என்பது 35 ஆகும். அப்படியும் முடியாத பிள்ளையை விட்டுவிட வேண்டாம். ஐ.டி.ஐ.யில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கே சில தொழிற்பிரிவுகள் இருக்கின்றன. தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது. கூடவே போய்ச் சேர்த்துவிட்டு வருவோம்.

ஆகஸ்டில் விழா வைப்போம். துணைத்தேர்வில் தேறிய ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுவோம். மார்க்கை வாசிக்க வேண்டாம்.

இங்கே காலை ஏழரை என்றால் அங்கே மாலை ஆறு. வாரத்தில் மூன்று நாள் வீடியோவில் கணக்குப் பாடம் எடுக்க நான் தயார். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்க்க அங்கே ஓர் ஆள் வேண்டும். கூட்டத்தில் பேசி, யார் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தைக்கால் தெருப் பிள்ளை,
ஹூஸ்டன்