பட்டம் ஏத்திற நேரத்தைக் காற்றிட்டைக் கேளுங்கோ

மார்கழி பிறந்ததும் எங்கட ஊர்களில் இரண்டு வகையான ஆட்கள் வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்குவார்கள். ஒருவர் வயலுக்குள் நிற்கிற வெள்ளம் வடியுமோ, இன்னும் ஏறுமோ என்று பார்க்கிற கமக்காரர். மற்றவர்கள் பட்டம் கட்டுகிற பெடியள். கமக்காரரின் கவலையை எல்லோரும் கவலையாகவே எடுத்துக்கொள்வார்கள். பெடியளின் கவலையை மட்டும் "சும்மா விளையாட்டு" என்று தட்டிவிடுவார்கள். நாங்கள் இங்கே கதைக்கப் போவது அந்த இரண்டாவது கவலையைப் பற்றி.

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் அன்று பின்னேரம் நடக்கிற பட்டப்போட்டியைப் பற்றி இதை வாசிக்கிறவர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. போகாதவர்கள்கூட வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கொக்கு, பிராந்து, பெட்டி, படலம் என்று நாங்கள் சின்னனில் பழகிய பட்டங்களைத் தாண்டி, கப்பல், விமானம், அசைகிற விலங்கு என்று முப்பரிமாணத்தில் கட்டி ஏற்றுகிறார்கள். இதைப் பார்த்து வேறு ஊர்களிலும் இளைஞர் கழகங்கள் சின்னச் சின்னப் போட்டிகளை நடத்தத் தொடங்கியிருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் இந்தப் போட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பிரச்சினை இருக்கிறது. திகதி, நேரம், விருந்தினர், ஒலிபெருக்கி எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடும். பட்டத்தை மேலே கொண்டுபோகிற காற்றை மட்டும் யாரும் கேட்பதில்லை.

வாடைக்காற்றை நம்பித்தான் எங்கட பட்டக்காலமே இருக்கிறது. அதே வாடைக்காலம்தான் எங்களுக்கு மழைக்காலமும். வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால் மூன்று நான்கு நாளைக்கு எல்லாம் தலைகீழாகிவிடும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. 2023 பெப்ரவரி தொடக்கத்தில் இன்னொரு தாழமுக்கம் கிழக்குக் கரையைத் தொட்டது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா நாட்டையே புரட்டிப்போட்டது. பொங்கலுக்கு முன்னும் பின்னும் எந்தக் கிழமையும் "கட்டாயம் நல்ல காலநிலை" என்று சொல்ல முடியாது என்பதற்கு இந்த மூன்றும் போதும். இப்படியான ஒரு காலத்தின் நடுவில், ஒரே ஒரு பின்னேரத்தை நம்பி, மாதக்கணக்காகக் கட்டிய பட்டத்தைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போகிறோம்.

"கொஞ்சம் காற்றுக் கூடினால் என்ன, பட்டம் இன்னும் நல்லா ஏறும்தானே?" என்று கேட்கலாம். அப்படி இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவை இரண்டு மடங்காகாது, கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றில் இரண்டு பேர் பிடித்து நிற்கக்கூடிய பட்டத்தை 40 கிலோமீற்றர் காற்றில் பிடிக்க எட்டுப் பேர் வேண்டும். அதுவும் சீரான காற்று என்றால்தான். மழைமேகத்தோடு வருகிற காற்று சீராக வராது. ஒரு நிமிடம் செத்துக் கிடக்கும், அடுத்த நிமிடம் உதறும். பார இழுவைக்கு முச்சை அறும், இல்லாவிட்டால் மூங்கில் முறியும். மழை பட்டால் ரிசுப் பேப்பர் ஊறிக் கிழியும், பசை இளகும், நனைந்த நூல் மின்னலுக்கும் மின்கம்பிக்கும் வழி திறந்துவிடும். காற்றுக் குறைந்தாலும் கஷ்டம்தான். பாரமான முப்பரிமாணப் பட்டம் நிலத்தை விட்டே எழும்பாது. பெரிய பட்டம் ஒன்று நன்றாகப் பறப்பதற்கான காற்று, அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு சின்ன இடைவெளிதான்.

இதெல்லாம் வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெரிய பட்டம் ஏற்றும்போது, கயிற்றைப் பிடித்திருந்த மற்றவர்கள் விட்டுவிட, ஒரு இளைஞர் கயிற்றோடு மேலே தூக்கப்பட்ட வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. ஏறத்தாழ 40 அடி உயரம் என்று செய்திகள் சொன்னன. அவர் உயிர் தப்பியது பெரிய காரியம். நாங்கள் எல்லாரும் அதைப் பகிர்ந்தோம், மீம் போட்டோம், "யாழ்ப்பாணத்தான் பறந்திட்டான்" என்று சிரித்தோம். அதற்குப் பிறகு ஒரு பெரிய பட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும், கயிற்றை எதில் கட்ட வேண்டும், எந்தக் காற்றுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று ஊருக்கு ஊர் கதைத்தோமா? எங்கட காதில் பெரிதாக எதுவும் விழவில்லை.

இந்த இடத்தில் எங்கட பட்டத்துக்குத் தூரத்துச் சொந்தக்காரரான ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேணும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய றேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானங்களைத் திருப்பிக் கட்டிப் பறக்கவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் பொழுதுபோக்கின் தொடக்கம் 1930களின் கடைசி. மிச்சிகனைச் சேர்ந்த வோல்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் அப்போது கட்டிய 'கஃப்' என்ற மாதிரி விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்தக் காலத்து விமானங்கள் பால்சா மரச் சட்டத்தில் பட்டுத்துணியோ மெல்லிய தாளோ ஒட்டியவை. எங்கட பட்டத்தைப் போலத்தான். பழைய கருவிகள் பலதில் றேடியோவால் செய்யக்கூடியது வால்பக்கத்துச் சுக்கானை இடமோ வலமோ திருப்புவது மட்டும். அதைத் திருப்புகிற சக்திகூட முறுக்கிவிட்ட ஒரு றப்பர் பட்டியில் இருந்துதான் வரும். மிச்சமெல்லாம் விமானம் தானாகப் பறக்கவேண்டியதுதான். காற்றின் வேகம் விமானத்தின் வேகத்தைத் தாண்டிவிட்டால், அது முன்னுக்குப் பார்த்துப் பறந்துகொண்டே பின்னுக்குப் போய்க்கொண்டிருக்கும். கூப்பிட்டாலும் திரும்பி வராது.

அதனால் அந்த ஆட்களின் ஒன்றுகூடல்களில் மழையும் காற்றும் வந்தால், பறப்பு இல்லை. அவ்வளவுதான். கூடாரத்துக்குள்ளோ கார் டிக்கியைத் திறந்து வைத்தோ விமானங்களைப் பரப்பி வைப்பார்கள். "இந்தச் சட்டத்தை எப்படி வளைச்சனீங்கள்?" என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள். பழைய வரைபடங்கள் கைமாறும். காற்று அடங்கினால் பறப்பு, அடங்காவிட்டால் வீடு. மாதிரி விமானத்தில் மட்டும் இல்லை, நிஜ விமானத்திலும் இந்த ஒழுங்கு உண்டு. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் ஷட்டில்வேர்த் சேகரிப்பு என்று ஒன்று இருக்கிறது. அங்கே 1909ஆம் ஆண்டு பிளேரியோ விமானத்தை இன்னும் பறக்கும் நிலையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை வெளியே எடுப்பது காற்று அடங்கிய நேரத்தில், பெரும்பாலும் பின்னேரம் சாய்ந்த பிறகுதான். ரிக்கெற் வாங்கி வந்த கூட்டம் காத்திருக்கும். காற்று அடங்காவிட்டால் பார்க்காமலே திரும்பிப் போகும். யாரும் விமானியைக் கோழை என்று சொல்வதில்லை.

இன்னொரு உதாரணம் கடலில் இருந்து. ஹவாயின் வைமேயா குடாவில் 'எடி ஐகாவ்' நினைவுச் சேர்ஃபிங் போட்டி நடக்கும். அதற்குத் திகதி கிடையாது, மாதக்கணக்கான காத்திருப்புக் காலம்தான் உண்டு. அலை போதுமான உயரத்துக்கு எழும்பினால் மட்டும் போட்டி, எழும்பாவிட்டால் அந்த வருசம் இல்லை. 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய போட்டி இதுவரை நடந்தது பத்துத் தடவையளவில்தான். 2023 ஜனவரி 22 நடந்தபோது வென்றவர் அன்று அதே கரையில் கடமையில் இருந்த ஒரு உயிர்காப்பாளர். இவ்வளவு அரிதாக நடப்பதால் அந்தப் போட்டியின் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு எங்கட பட்டப்போட்டிகளுக்கு நாங்கள் கேட்பது நான்கே விஷயம்.

முதலாவது, காத்திருப்புக் காலம். பொங்கல் அன்று போட்டி என்று அறிவிக்கிறபோதே, "காலநிலை சரிவராவிட்டால் அதற்குப் பிறகு வருகிற சனி அல்லது ஞாயிறு" என்று மாற்று நாளையும் அதே நோட்டீசில் போடலாம். கடைசி நேரத்தில் ஒத்திவைத்தால்தான் ஏமாற்றம். முதலே சொன்னால் அது ஒழுங்கு.

இரண்டாவது, முடிவெடுக்கிற ஆள். ஏற்றுவதா இல்லையா என்பதை மேடையில் இருப்பவர்கள் முடிவு செய்யக்கூடாது. அந்தக் கரையில் தொழில் செய்கிற ஒரு மூத்த கடற்றொழிலாளி, அனுபவமுள்ள ஒரு பட்டம் கட்டுகிறவர், முதலுதவி தெரிந்த ஒருவர். இந்த மூன்று பேரும் சேர்ந்து சொல்லட்டும். கூடவே ஒரு இலகுவான விதி: வளிமண்டலவியல் திணைக்களம் கடற்றொழிலாளரைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று எச்சரித்த நாளில், அந்தக் கரையில் பெரிய பட்டமும் ஏற்றவேண்டாம்.

மூன்றாவது, கயிறு. பெரிய பட்டத்தின் கயிறு ஆளின் கையில் இல்லாமல் நிலத்தில் அறைந்த கட்டையிலோ வாகனத்திலோ இருக்கவேண்டும். கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. விடும்போது எல்லாரும் ஒரே குரலுக்கு விடவேண்டும். இதைப் பழக ஒரு பின்னேரம் காணும்.

நான்காவது, பறக்காத நாளுக்கும் ஒரு நிகழ்ச்சி. மழை வந்தால் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் பட்டங்களைக் காட்சிக்கு வைக்கலாம். எங்களில் பலருக்குப் பட்டத்தை முந்நூறு அடி உயரத்தில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். முச்சை எந்த இடத்தில் விழுகிறது, விண்ணுக்குப் பார்சல் நாரை எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறார்கள், முந்தி பனைநாரில் கட்டியபோது ஓசை எப்படி இருந்தது என்று கிட்ட நின்று கேட்க ஒருநாளும் வாய்த்ததில்லை. அதிலும் பெண்பிள்ளைகளுக்கு இந்த அறிவு பெரும்பாலும் எட்டுவதே இல்லை. கரையில் கயிறு இழுக்கிற கூட்டத்துக்குள் "நீ தள்ளி நில் பிள்ளை" என்றுதான் சொல்வார்கள். மண்டபத்துக்குள் ஈர்க்கையும் தாளையும் கொடுத்து இருத்தினால், அடுத்த வருசப் போட்டியில் அவர்களின் பட்டமும் இருக்கும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் எங்களுக்குத் தெரியும். பொங்கல் ஒரு நாள்தான். கனடாவில் இருந்தும் கொழும்பில் இருந்தும் வந்தவர்கள் திரும்பிப் போகவேண்டும். கச்சான் விற்கிற அம்மாவும் ஐஸ்கிறீம் வான்காரரும் அன்றைய வியாபாரத்தை நம்பிச் சாமான் எடுத்திருப்பார்கள். எங்களுக்கே அடுத்த நாள் லெக்சர் இருக்கும், இரவு பஸ் பிடிக்கவேண்டும். இது சின்ன விஷயம் இல்லை, குறிப்பாக அந்த அம்மாவுக்கு. ஆனால் மழையில் நனைந்து பாதியில் கலைகிற கூட்டத்திலும் அவரின் கச்சான் விற்காது. மாற்று நாள் முதலே தெரிந்தால் அவர் அதற்கேற்ற மாதிரி வறுப்பார். மண்டபத்தில் காட்சி இருந்தால் அதன் வாசலிலும் விற்பார். வெளிநாட்டில் இருந்து வந்தவர் ஒரு தடவை பார்க்காமல் போகலாம், உண்மைதான். ஆனால் அவருக்குக் காட்டவேண்டும் என்பதற்காக ஒரு பெடியனின் தோள்மூட்டைப் பணயம் வைக்கச் சொல்லி அவரும் கேட்கமாட்டார்.

"எங்கட ஆட்கள் காற்றுக்குப் பயந்தவர்கள் இல்லை" என்றும் சிலர் சொல்வார்கள். வல்வெட்டித்துறைக் கப்பலோட்டிகளை நினைத்துப் பார்ப்போம். அந்த ஊரில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் அந்த ஊர் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட மாலுமிகள் எந்த நாளும் பாயை விரித்தவர்கள் இல்லை. சோளகத்துக்கு ஒரு திசை, வாடைக்கு ஒரு திசை, குழப்பக் காற்றுக்குத் துறைமுகம் என்று காத்திருக்கத் தெரிந்தவர்கள். காத்திருப்பதும் அவர்களின் தொழிலில் ஒரு பகுதி. அவர்களின் பேரப்பிள்ளைகளின் பட்டத்துக்கு மட்டும் நாங்கள் ஏன் பின்னேரம் மூன்று மணி என்று கெடு வைக்கிறோம்?

இதை வாசிக்கிறவர்களில் யாராவது ஒரு இளைஞர் கழகத்தில் இருந்தால், வருகிற பொங்கலுக்கான கூட்டத்தில் மாற்று நாள் விஷயத்தை மட்டுமாவது எழுப்பிப் பாருங்கள். நோட்டீசில் ஒரு வரி கூட அடிக்கவேண்டும், அவ்வளவுதான் செலவு. மண்டபத்துக்குக் கதிரை அடுக்க, பிள்ளைகளுக்கு ஈர்க்குச் சீவிக் கொடுக்க ஆள் தேவை என்றால் சொல்லுங்கோ. நாங்கள் வாறம்.