கல்லாவில் உட்கார்ந்து தேர்தல் கணிக்கும் நாம்

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட மறுநாளே நம் கடைகளில் ஒரு புதுச் சரக்கு வந்து இறங்கிவிடுகிறது. அதற்குப் பில் கிடையாது, வரி கிடையாது, எடையும் கிடையாது. யார் ஜெயிப்பார் என்கிற கணிப்புதான் அந்தச் சரக்கு. "அண்ணாச்சி, இந்தத் தடவை யாரு வருவா?" என்று சீனி வாங்க வந்தவர் கேட்கிறார். அண்ணாச்சியும் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார். கேட்டவர் அதை டீக்கடையில் போய்ச் சொல்கிறார். சாயங்காலத்துக்குள் "பஜார் முழுக்க இதே பேச்சு" என்று அந்தப் பேச்சு நம்மிடமே திரும்பி வருகிறது. நாமும், ஊரே சொல்கிறதே என்று முன்னிலும் உறுதியாக நம்பத் தொடங்குகிறோம்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் துணிச்சல் உண்டு. வத்தல், மல்லி, உளுந்து, துவரை, நல்லெண்ணெய் என்று எதை எடுத்தாலும், விருதுநகர் மார்க்கெட் விலை என்ன என்று தமிழகம் முழுவதும் கேட்டு வியாபாரம் செய்கிறவர்கள் உண்டு. சுற்றுவட்டாரத்தில் விளைவது கொஞ்சம், விலை சொல்வது நாம். ஆந்திராவில் வத்தல் வரத்து எப்படி என்று விசாரித்து அடுத்த மாத விலையைச் சொல்கிற நமக்கு, நம் தெருக்காரர் போடுகிற ஓட்டைச் சொல்லத் தெரியாதா என்ற நினைப்புதான். சொல்லத் தெரியவில்லை என்பதே இந்த ஊரின் தேர்தல் வரலாறு.

1967-ஐ எடுத்துக்கொள்வோம். பெருந்தலைவர் காமராஜர் பிறந்த ஊர் இது. 1957-லும் 1962-லும் சாத்தூரில் நின்று வென்றவர், 1967-ல் விருதுநகர் சட்டமன்றத் தொகுதிக்கு வந்து நின்றார். அப்போது அவர் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். எதிரே நின்றவர் தி.மு.க.வின் பெ. சீனிவாசன், மாணவர் தலைவராக இருந்த இளைஞர். படுத்துக்கொண்டே ஜெயிப்பேன் என்று காமராஜர் சொன்னதாக ஒரு பேச்சு இன்றைக்கும் உலவுகிறது. அவர் சொன்னாரோ இல்லையோ, ஊர் அப்படித்தான் நினைத்தது. எண்ணி முடித்தபோது 1,285 ஓட்டு வித்தியாசத்தில் சீனிவாசன் ஜெயித்திருந்தார். அந்த 1,285-ல் பாதிக்கு மேல் ஒருவர், அதாவது 643 பேர், மாற்றிப் போட்டிருந்தால் முடிவு வேறு. 643 பேர் என்பது நம் பெரிய கடை ஒன்றுக்கு ஒரே நாளில் வந்து போகிற கூட்டம்.

அன்று அரிசித் தட்டுப்பாடு இருந்தது. ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி இருந்தது. 1965-ன் மொழிப் போராட்டத்தின் சூடு ஆறவில்லை. இத்தனையும் நம் கல்லாவுக்கு முன்னாலேயே நடந்தது. அரிசி இல்லையா என்று கேட்டுத் திரும்பிப் போன பெண்களை நாமே பார்த்தோம். அந்தப் பெண்களிடம் யாரும் கணிப்புக் கேட்கவில்லை. கணிப்புச் சொன்னவர்களெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆண்கள்.

அது பழைய கதை என்று தள்ளிவிடலாம். 2024 பழைய கதை அல்லவே. விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியில் ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு ஜூன் 4 வரை 46 நாட்கள் காத்திருந்தோம். காங்கிரஸ் சார்பில் மாணிக்கம் தாகூர், தே.மு.தி.க. சார்பில் விஜயகாந்தின் மகன் விஜய பிரபாகரன், பா.ஜ.க. சார்பில் நடிகை ராதிகா சரத்குமார். 2019-ல் தாகூர் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதி என்பதால், இந்தத் தடவையும் பல ஆயிரம் வித்தியாசம் என்று ஒரு சாரார் அடித்துச் சொன்னார்கள். விஜயகாந்த் 2023 டிசம்பரில்தான் மறைந்தார், அனுதாபம் கொட்டும் என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். எண்ணிக்கை நாளில் மேலும் கீழுமாக ஆடி, கடைசியில் தாகூர் 3,85,256, பிரபாகரன் 3,80,877 என்று முடிந்தது. வித்தியாசம் 4,379. ராதிகா 1,66,271 ஓட்டு வாங்கினார். மறு எண்ணிக்கை வேண்டும் என்று தோற்ற தரப்பு கேட்டது.

தாகூர் ஜெயிப்பார் என்று சொன்னவர்கள் இன்றைக்கும் "நான் சொன்னேன்ல?" என்று மார் தட்டுகிறார்கள். அவர்களுக்கு நம் தொழில் கணக்கிலேயே பதில் சொல்லலாம். முதல் இருவரும் வாங்கிய ஓட்டு சேர்த்து 7,66,133. அதில் 4,379 என்பது நூற்றுக்கு 57 பைசா. நூறு கிலோ மூட்டைக்கு 570 கிராம். சணல் சாக்கின் எடையே ஏறக்குறைய அவ்வளவு வரும்! மூட்டையைக் கண்ணால் பார்த்து சாக்கின் எடையைச் சரியாகச் சொன்னேன் என்று ஒரு தரகர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? 2,190 பேர் கை மாறியிருந்தால், அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கு இரண்டு பேர்கூட இல்லை, "நான் சொன்னேன்ல" என்று இன்னொருவர் சொல்லிக்கொண்டிருப்பார்.

கடையில் உட்கார்ந்து கேட்பதில் வேறொரு கோளாறும் இருக்கிறது. நம்மிடம் பாக்கி வைத்திருக்கிறவர் நம் மனசுக்குப் பிடித்ததையே சொல்வார். சிட்டையில் இரண்டாயிரம் நிற்கும்போது அண்ணாச்சியோடு யார் அரசியல் தர்க்கம் செய்வார்? நாம் எந்தக் கட்சி என்று நம் சுவரில் தொங்குகிற காலண்டரே காட்டிக் கொடுக்கிறது. பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் காலையில் வேன் ஏறிப் போகிற பெண்கள், ராத்திரி திரும்பி வந்து அவசரமாகப் பருப்பு வாங்கிப் போகிறவர்கள், ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. தொகுதியின் பெரும் பகுதி ஓட்டு அப்படிப்பட்ட வீடுகளில் இருக்கிறது.

சிவகாசி அச்சகத்தாருக்கு இன்னொரு அளவுகோல் உண்டு. எந்தக் கட்சிக்குப் போஸ்டர் அதிகம் ஓடுகிறதோ அந்தக் கட்சிதான் என்பார்கள். போஸ்டர் ஆர்டர் காட்டுவது கட்சியின் பணத்தை மட்டும்தான்.

இதனால் சாதாரண மக்களின் கணிப்பே வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. 1906-ல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒரு கால்நடைக் கண்காட்சி நடந்தது. கொழுத்த மாடு ஒன்றைக் காட்டி, அறுத்துச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை நிற்கும் என்று சீட்டில் எழுதிப் போடச் சொன்னார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் அந்தச் சீட்டுகளை வாங்கி, படிக்க முடிந்த 787-ஐ வரிசைப்படுத்திப் பார்த்தார். நடுவில் நின்ற மதிப்பு 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. கசாப்புக்காரரும் விவசாயியும் வேடிக்கை பார்க்க வந்தவரும் சேர்ந்து சொன்ன மதிப்பு இவ்வளவு கிட்டத்தில் வந்தது. காரணம், ஒவ்வொருவரும் அடுத்தவர் சீட்டைப் பார்க்காமல் எழுதினார்கள். காசு கட்டிச் சீட்டு வாங்கியதால் யோசித்தும் எழுதினார்கள். நம் பஜாரில் நடப்பது நேர்மாறு. ஒருவர் சொன்னதை நாற்பது பேர் சொல்கிறார்கள், நாற்பது பேர் சொன்னதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். எண்ணிப் பார்த்தால் இருப்பது ஒரே சீட்டு.

படித்தவர்களும் கருவி வைத்திருப்பவர்களும் நம்மைவிட மேல் என்று நினைக்கவும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் இரவில், புளோரிடா மாநிலம் அல் கோருக்கு என்று தொலைக்காட்சிகள் அறிவித்தன. பிறகு இல்லை என்றன. பிறகு புஷ்ஷுக்கு என்றன, அதையும் வாபஸ் வாங்கின. முடிவில் 537 ஓட்டில் அந்த மாநிலமும், அதனால் நாடும் புஷ்ஷுக்குப் போயிற்று. நம் நாட்டில் 2024 ஜூன் 1 மாலை வெளிவந்த கருத்துக் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்று அள்ளிக் கொடுத்தன. ஜூன் 3 அன்று மும்பை பங்குச் சந்தைக் குறியீடு 2,500 புள்ளி ஏறியது. மறுநாள் ஓட்டு எண்ணியதும் 4,389 புள்ளி இறங்கியது. கூட்டணிக்கு வந்தது 293 இடம். (நம் தொகுதியின் 4,379-ம் சந்தையின் 4,389-ம் ஒரே நாளில் வந்ததைக் கண்டு, இது ஏதோ நம்பர் என்று சொன்னவர்களும் நம்மில் உண்டு. அவர்களை என்ன சொல்வது!)

பேச்சோடு நின்றால் நமக்கு ஆட்சேபணை இல்லை. வியாபாரம் மந்தமான நாட்களில் பேசுவதற்கு ஏதாவது வேண்டும். தேர்தல் நேரத்தில் ஆவணமில்லாமல் ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் எடுத்துப் போனால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும் என்பதால் வெளியூர்க் கொள்முதலே பாதியாகக் குறைந்து, கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிற காலம் அது. ஆனால் அந்தப் பேச்சு பேரேட்டுக்குள் நுழைகிறதே, அதைத்தான் சொல்கிறோம்.

நம் மாவட்டத்துப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், மண்டிக்குக் கட்ட வைத்திருந்த பணத்தைப் பந்தயத்தில் வைத்தார். தோற்றார். மண்டிக்காரரிடம் காரணத்தைச் சொல்ல முடியாமல், மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்றார். அந்த மாமனார் நல்ல திடமாக அடுத்த வாரம் அதே மண்டிக்கு உளுந்து வாங்க வந்துவிட்டார். இருபது வருஷத்து நாணயம் ஒரே நாளில் போயிற்று. இப்போது அவருக்குச் சரக்கு ரொக்கத்துக்குத்தான். ஜெயித்திருந்தால் மட்டும் என்ன? பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு சொல்கிறது. எதிராளி கையை விரித்தால் எந்தக் கோர்ட்டிலும் வசூலிக்க முடியாது.

பட்டாசுக் கடைக்காரர்கள் நிலை இன்னும் சிக்கல். எண்ணிக்கை நாளுக்கு இந்தக் கட்சிதான் வெடிக்கும் என்று கணித்து, அந்தக் கட்சிக்காரர் வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கு எடுத்து வைக்கிறார்கள். 2021-ல் மே 2 எண்ணிக்கைக்குச் சில நாட்கள் முன்னால் தேர்தல் ஆணையம் வெற்றி ஊர்வலத்துக்கே தடை போட்டது. 2024-ல் நம் தொகுதியில் யார் வெடிப்பது என்பதே பொழுது சாய்ந்தும் தெரியவில்லை. தோற்ற கட்சிக்காரரிடம் போய், சொல்லி வைத்த பட்டாசுக்குப் பணம் கேட்பது எப்பேர்ப்பட்ட வேலை என்று கேட்டவர்களுக்குத் தெரியும். ஜெயித்தவரிடம் கேட்பதும் அவ்வளவு சுலபமில்லை.

வாடிக்கையாளர் விஷயமும் இருக்கிறது. நாம் ஒரு பெயரைக் கணிப்பாகத்தான் சொல்கிறோம். கேட்கிறவர் அதை நம் ஆசையாக எடுத்துக்கொள்கிறார். இரண்டு தரப்பும் சமமாக நிற்கிற தொகுதியில் வாடிக்கையாளரில் பாதிப் பேர் அந்தப் பெயருக்கு எதிர்த்தரப்பு. சொல்லாமல் கொள்ளாமல் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். ஏன் வரவில்லை என்றால், அந்தப் பக்கம் வேலையிருந்தது என்பார்கள்.

ஆகவே உறுப்பினர்களிடம் நாம் கேட்பது கொஞ்சம்தான். கொடி, துண்டு, போஸ்டர், பட்டாசு எதுவானாலும் முழுப் பணமும் முன்பணமாக வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுங்கள், எல்லாக் கட்சிக்கும் ஒரே நிபந்தனை. கடைச் சிப்பந்திகள் கடைக்குள் பந்தயம் கட்டுவதைத் தடுங்கள். கணிக்காமல் இருக்க முடியாது என்கிறவர்கள், ஓட்டுப் போட்ட அன்று இரவே ஒரு தாளில் பெயரையும் வித்தியாசத்தையும் எழுதி, யாரிடமும் காட்டாமல் மடித்துக் கல்லாவில் போட்டு வையுங்கள். எண்ணிக்கை முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். நம் செயற்குழு உறுப்பினர் ஒருவர் 2024-ல் அப்படித்தான் எழுதி வைத்தார். வித்தியாசம் அறுபதாயிரம் என்று எழுதியிருந்தார். அந்தத் தாளைக் கிழிக்காமல் இன்னும் வைத்திருக்கிறார். யாராவது வந்து, "அண்ணாச்சி, யாரு வருவா?" என்று கேட்டால் அதை எடுத்து நீட்டுகிறார்.