எம்.எஸ். நோய்க்கு ஒரு ஸ்கேன் போதாது: பழைய ஸ்கேனைப் பத்திரப்படுத்துவது ஏன் அவசியம்?

திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது. கண்ணை அசைத்தால் வலி. சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடுகிறது. "நைட் ஷிப்ட், தூக்கம் இல்ல, அதான்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் எம்.எஸ். நோய் இப்படியும் தொடங்கலாம். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் கண்டறியப்படும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களை இரு மடங்குக்கும் மேல் பாதிக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களின் வயதும் இதுதான்.

என்ன நடக்கிறது?

மின்வயருக்கு மேலுறை இருப்பதுபோல நரம்பிழைகளுக்கு மயலின் என்ற உறை உண்டு. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அதைத் தாக்குவதுதான் எம்.எஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் தாக்கப்பட்ட இடங்கள் தழும்புகளாகின்றன. உலகில் 28 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2020-ல் மதிப்பிடப்பட்டது.

அறிகுறி இல்லை என்றால் நோய் நின்றுவிட்டதா?

இல்லை. நோயாளி உணரும் ஒரு தாக்குதலுக்கு 5 முதல் 10 புதிய தழும்புகள்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியலாம். மற்றவை சத்தமில்லாமல் வந்தவை. மருந்து வேலை செய்கிறதா என்பதை "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்ற உணர்வை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாதது இதனால்தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஃபர்னஸ் அருகிலோ கடும் வெயிலிலோ நின்றால் பழைய அறிகுறிகள் தலைகாட்டி, உடல் சூடு தணிந்ததும் மறைந்துவிடும். அது புதிய தாக்குதல் அல்ல. சந்தேகம் நீடித்தால் ஸ்கேன் உதவும்.

ஸ்கேனில் எதைப் பார்க்கிறார்கள்?

முதலில், புதிதாக வந்த அல்லது பெரிதான வெள்ளைப் புள்ளிகள். அடுத்து, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டதும் ஒளிரும் இடங்கள். இவை கடந்த சில வாரங்களில் உருவானவை. மூன்றாவது, மூளை சுருங்கும் வேகம். ஆரோக்கியமானவர்களுக்கு ஆண்டுக்கு 0.1 முதல் 0.3 சதவீதம், எம்.எஸ். நோயாளிகளுக்குப் பெரும்பாலும் 0.5 சதவீதத்துக்கு மேல். உடலில் நீர்ச்சத்து குறைந்தால்கூட இந்த அளவு மாறும் என்பதால், தனிநபருக்கு இதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

சிக்கல் எங்கே?

புதிய மருந்து தொடங்கிய 3 முதல் 6 மாதங்களில் ஒரு ஸ்கேன், பிறகு பொதுவாக ஆண்டுக்கு ஒன்று, முடிந்தவரை அதே மெஷின், அதே செட்டிங் என்கிறது 2021-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல். ஒவ்வொரு முறையும் கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை.

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கி.மீ.தான். நிமான்ஸ் மருத்துவமனை இருப்பதே பெங்களூருவின் ஓசூர் சாலையில். ஆனால், முதல் ஸ்கேன் பெங்களூருவில், அடுத்தது லீவு கிடைத்த நாளில் ஓசூரில், மூன்றாவது கட்டணம் குறைவு என்று சேலத்தில் என எடுத்தால் ஒப்பிடுவது கடினம். ஒரு பாகத்தை இந்த மாதம் ஒரு வெர்னியரிலும், அடுத்த மாதம் காலிபரேஷன் செய்யாத இன்னொன்றிலும் அளந்தால், தேய்மானம் எவ்வளவு என்று எந்த க்யூசி இன்ஜினீயராலும் சொல்ல முடியாது. தடிமனான ஸ்லைஸ்களில் எடுத்த படத்தில் சிறிய தழும்பு தப்பிவிடலாம். அடுத்த முறை அதுவே 'புதியது' போலத் தெரியலாம். மருந்தை மாற்றுவதா, தொடர்வதா என்ற முடிவே அதனால் தவறிப்போகலாம்.

என்ன செய்யலாம்?

ஃபிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் போதாது. டைகாம் ஃபைல்களை சிடியிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது அவற்றைக் கொண்டுபோய், "பழையதோட ஒப்பிட்டு எழுதுங்க" என்று கேளுங்கள்.

நோயாளி மட்டும் கவனமாக இருந்தால் போதாது. கேட்காமலே டிஜிட்டல் ஃபைலைத் தருவதை ஸ்கேன் மையங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் பெங்களூரு மருத்துவமனைகளும் ஒரே ஸ்கேன் முறைக்கு உடன்பட்டால், எல்லைப்பகுதி நோயாளிகளின் அலைச்சல் குறையும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 குறைபாடுகளில் எம்.எஸ். நோயும் ஒன்று. ஆண்டுக்கு ஒருநாள் ஸ்கேனுக்குப் போய்வரும் ஊழியர், வேலை போய்விடுமோ என்று பயந்து நோயை மறைக்கும் நிலையை நிறுவனங்கள் உருவாக்கக் கூடாது.