ஆய்வகத்திலும் வீண்விரயம் வேண்டாம்

ஓடும் ஆற்றில் ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது எனப் பயிற்றுவிக்கப்பட்ட சமுதாயம் நாம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கடலூர்க் கல்லூரிகளிலும் நம் பிள்ளைகள் அறிவியல் பயில்கின்றனர். ஆய்வக மேசைக்கு மட்டும் அப்போதனை பொருந்தாதா?

2014இல் உலகின் உயிரியல் ஆய்வகங்கள் ஏறத்தாழ 55 லட்சம் டன் பிளாஸ்டிக் கழிவை உண்டாக்கியதாக இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். கண்ணாடிக் குழாயையும் பெட்ரித் தட்டையும் கழுவி, ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 15 நிமிடம் வைத்தால் மீண்டும் பயன்படும். பயன்படுத்திய அசிட்டோனைக் காய்ச்சி வடித்து மீட்கலாம். பல சோதனைகளுக்குச் சில துளி இரசாயனமே போதும்.

ஆயினும் சிக்கனத்துக்கு எல்லை உண்டு. ஊசி போன்ற, இரத்தம் தொட்ட ஒருமுறைப் பொருள்களை மீண்டும் பயன்படுத்துவது சிக்கனமன்று. அடுத்தவர் உயிரெனும் அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

சிப்காட் வேதியியல் ஆலைகளின் மாசினால் கடலூர் பட்ட பாட்டை நாம் அறிவோம். கவனமின்றித் தொட்டியில் ஊற்றும் கழிவும் இறுதியில் மண்ணையோ நீரையோதான் சேரும். வெள்ளாறு கடல் சேரும் பரங்கிப்பேட்டையில் வலை வீசுவோர் நம் அண்டை வீட்டார்; அவர்களுக்கும் நம்மீது ஹக் உண்டு.

மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், “இன்று என்ன கற்றாய்?” என்பதோடு, “எதைக் கழுவி வைத்தாய்?” என்றும் கேட்போம், இன்ஷா அல்லாஹ்.