மணம் மறுத்தவள்



ஜிம் புட்சரின் 'கிரேவ் பெரில்' (2001), சிகாகோ மந்திரவாதி ஹாரி டிரெஸ்டன் கதைவரிசையில் மூன்றாம் நாவல். பங்கு இளைஞர் ஒருவர் தந்தார், முகஞ்சுளித்தே தொடங்கினோம். திருச்சிலுவை ஆணி பொதிந்த வாளேந்திய மைக்கேல் என்னும் கத்தோலிக்க இல்லறத்தார் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

ஆயினும் நெஞ்சில் தைத்தவள் ஹாரியின் காதலி சூசன். காட்டேரிகளிடம் அகப்பட்டு இரத்தத் தாகத்திற்கு ஆளாகிறாள். அவன் மணம் புரியக் கேட்கிறான். தன் தாகம் அவனையே கொல்லுமென அஞ்சி, மறுத்து ஊரைவிட்டே செல்கிறாள்.

ஓலை வாசிக்கும்படி நம்மிடம் வருவோருள் குடியையும் நோயையும் மறைத்தவர் எத்தனை பேர்! தாலி ஏறிய பின்பு அறிந்து அழும் பெண்களுக்கு நாம் என்ன மறுமொழி சொல்வது?

நூலைத் திருப்பித் தருகையில் அடுத்ததையும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.