குழந்தைக்கு அழுகையும் நகையும் ஆகாதோ?

குழந்தைகளின் கையில் துயரக் கதை படலாகாது என்பது நம்மவரிடையே மெல்ல மெல்ல ஒரு விதியாக ஊன்றி வருகிறது. அண்மையில் இந்நகரத் தமிழன்பர்கள் கூடிய நூல்நிலையக் கூட்டமொன்றில் இதனை நேரிற் கண்டோம். லெமனி ஸ்னிக்கெட் என்னும் புனைபெயரில் டேனியல் ஹாண்ட்லர் என்ற அமெரிக்கர் 1999 முதல் 2006 வரை எழுதி வெளியிட்ட 13 நூல்களை அன்பரொருவர் சிறுவர் அலமாரிக்கு நன்கொடையாக அளிக்க முன்வந்தார். முதல் நூலைப் புரட்டிய பெரியவர்கள் முகம் சுளித்தனர். "பெற்றோர் தீயில் மாண்டு போகிறார்கள், பிள்ளைகள் மூவரும் நாதியற்று நிற்கிறார்கள், இதில் சிரிப்பு வேறா?" என்று வினவினர். பெட்டி வந்த வழியே திரும்பிற்று. அதற்கு ஈடாக நீதிக்கதைத் தொகுதிகள் இரண்டு டஜன் வாங்குவதெனத் தீர்மானமாயிற்று.

அத்தீர்மானம் பிழையென்று சொல்லவே இதனை எழுதுகிறோம்.

நூல்களைப் படித்துப் பார்த்தே பேசுகிறோம். வயலட், கிளாஸ், சன்னி என மூன்று உடன்பிறப்புகள். மூத்தவள் கருவிகள் சமைப்பதில் வல்லவள். நடுவிலவன் படித்த எதையும் மறவாதவன். கைக்குழந்தையான கடைக்குட்டிக்குக் கடிப்பதே கலை. வீடும் பெற்றோரும் தீக்கிரையானபின், வங்கி அதிகாரி ஒருவர் இருமிக்கொண்டே அவர்களை ஒவ்வொரு பாதுகாவலர் வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். குடும்பச் சொத்தைக் கவர நினைக்கும் ஓலாஃப் பிரபு வேடம் மாற்றி மாற்றிப் பின்தொடர்கிறான். குழந்தைகளோ அவனைக் கண்டதும் அடையாளம் காண்கின்றனர். ஆனால் அவர்கள் சொல்லைப் பெரியவர்கள் செவியேற்பதில்லை. கதையின் உயிர்நாடி இதுதான். நகைச்சுவை பிள்ளைகளின் துயரத்தைப் பார்த்துப் பிறப்பதன்று. பெரியவர்களின் மெத்தனத்தைப் பார்த்துப் பிறப்பது. கூட்டத்தில் நம் பெரியவர்களுக்கு முகம் சுருங்கியதன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

ஆசிரியர் தொடக்கத்திலேயே, இந்நூலை வைத்துவிட்டு வேறு நல்லதொன்றைத் தேடிக்கொள்ளுமாறு படிப்பவரை எச்சரிக்கிறார். எந்தப் பிள்ளை அதன்பின் கீழே வைக்கும்? இடையிடையே அருஞ்சொல் வந்தால் நின்று, எந்த அகராதியும் தராத குறும்பான பொருளொன்றைச் சொல்லிச் செல்கிறார். நாம் பிரம்பைக் காட்டிப் புகட்டும் சொல்வளத்தை அவர் சிரிப்பைக் காட்டிப் புகட்டுகிறார். நான்கைந்து நூல்கள் ஒரே வாய்பாட்டில் சென்று சற்றே சலிக்கின்றன என்பதையும் மறைக்கவில்லை. ஆயினும், அக்குழந்தைகள் இடர் வந்தபோதெல்லாம் ஓடி ஒதுங்குமிடம் நூல்நிலையம். நூல்நிலையத்தைப் புகலிடமாகக் காட்டும் கதையை நூல்நிலையத்திலிருந்து வெளியேற்றிய பெருமை நமக்கே உரியதாகுக!

"இது மேனாட்டுச் சரக்கு; நம் மரபில் இல்லை" என்பது அடுத்த வாதம். நல்லதங்காளை அதற்குள் மறந்தோமா? பஞ்சத்தில் அடிபட்டு ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவள் அவள். அண்ணன் இல்லாத வேளையில் அண்ணி மூளி அலங்காரி செய்த கொடுமை பொறாமல், பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்து தானும் விழுகிறாள். வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைதோறும் விற்ற கதை அது. அதை நம் பாட்டிமார் நமக்குச் சொன்னபோது மூளி அலங்காரியின் குரலில் இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினார்கள். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். கிணற்றங்கரை வந்ததும் பாட்டியின் மடியில் முகம் புதைத்தோம். அதனால் நாம் கெட்டுப் போனோமா? எண்வகை மெய்ப்பாடு வகுத்த தொல்காப்பியர் நகையையும் அழுகையையும் முதலிரண்டாக அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் அண்டை வீடுகள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாம் குடியேறி வாழும் இவ்வங்க மண்ணும் இதனை அறியும். தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் 1907-இல் தொகுத்த 'டாக்குர்மார் ஜூலி' என்ற பாட்டி கதைத் தொகுதிக்கு முன்னுரை வழங்கியவர் இரவீந்திரநாத் தாகூர். அதிலே 'சாத் பாய் சம்பா' என்றொரு கதை. இளைய அரசி ஈன்ற ஏழு ஆண்மக்களையும் ஒரு பெண்ணையும் மூத்த அரசிகள் சாம்பற் குவியலில் புதைத்துவிடுகின்றனர். ஏழு சம்பகப் பூக்களும் ஒரு பாருல் பூவுமாகப் பூத்த அக்குழந்தைகள், பறிக்க வந்த அரசனுக்கும் அரசிகளுக்கும் எட்டாமல் மேலே மேலே எழும்பிப் போக்குக் காட்டுகின்றன. சிசுக்கொலையும் சிரிப்பும் ஒரே கிளையில்! வங்கத் தாய்மார் இதனை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தம் மக்களுக்குச் சொல்லி வருகின்றனர்.

சுகுமார் ராயையும் இங்கே நினைக்க வேண்டும். காலா அசார் நோயில் நாளெண்ணிக் கிடந்த காலத்திலும் 'ஆபோல் தாபோல்' என்ற சிரிப்புப் பாடல் நூலை அவர் உருவாக்கிக்கொண்டிருந்தார். 1923 செப்டம்பரில், தம் 35-ஆம் வயதில் மறைந்தார். சில நாட்களில் நூல் வெளிவந்தது. அப்போது அவர் மகன் சத்யஜித்துக்கு வயது இரண்டு. தந்தையற்ற அப்பிள்ளைக்கு அவர் விட்டுச் சென்றது அறிவுரைத் தொகுதி அன்று. அந்நூலில் ராமகருடனின் குஞ்சுகளைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. சிரிப்பே விலக்கப்பட்ட குஞ்சுகள் அவை. நம் அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் அவற்றின் நினைவு வருகிறது.

நிற்க. இது வெறும் புத்தகச் சச்சரவு அன்று. இந்நகரில் வளரும் நம் பிள்ளைகள் தெருவில் வங்காளத்தில் விளையாடுகின்றனர். பள்ளியில் ஆங்கிலத்தில் சிந்திக்கின்றனர். தமிழில் அவர்கள் கேட்பது என்ன? சாப்பிடு, படி, சத்தம் போடாதே, உறங்கு. ஏவல் வினைமுற்றுகளே அவர்களுக்குத் தாய்மொழி! போதாக்குறைக்கு நாம் வாங்கித் தரும் நூலும் ஏவுகிறது. அழ. வள்ளியப்பாவின் துள்ளலையும் வாண்டுமாமாவின் குறும்பையும் தேடி வாங்குவார் சிலரே. பரிசளிப்பு விழாவுக்குத் தொகையாக வாங்குவதெல்லாம் நீதிதான். சிரிக்கவும் அஞ்சவும் அழவும் வேறு மொழிக்குப் போகும் பிள்ளை, அங்கேயே தங்கிவிட்டால் குற்றம் யாருடையது?

ஊரிலிருந்து சாச்செய்தி வருகிறது. கோரமண்டல் வண்டிக்கு ஓடுகிறோம். பிள்ளையிடம் "தாத்தா வெளியூர் போயிருக்கிறார்" என்கிறோம். ஓலாஃபின் வேடத்தைப் போல நம் பொய்யையும் அது அக்கணமே கண்டுகொள்கிறது. நம்மிடம் சொல்வதில்லை, அவ்வளவே. 2021-இன் பெருந்தொற்று அலையில் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகள் எத்தனையோ வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். பக்கத்து இருக்கைத் தோழனுக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேச நம் பிள்ளைக்கு ஒரு தமிழ்ச் சொல்லாவது கொடுத்தோமா?

மூன்று வயதுக் குழந்தைக்கு இவற்றைப் படித்துக் காட்டுமாறு நாம் கூறவில்லை. பத்து வயதுப் பிள்ளையை மூன்று வயதாகவே நடத்தாதீர் என்றே கேட்கிறோம்.

வங்க நாவல்களைத் த. நா. குமாரசாமியும் த. நா. சேனாபதியும், இந்நகரிலேயே வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தியும் பெரியவர்களுக்குத் தமிழில் தந்தனர். சிறுவர்க்காக அப்பணியைத் தொடர இரு மொழியும் அறிந்தோர் நம்மிடையே உள்ளனர். சம்பகப் பூக்களின் கதையிலிருந்து அவர்கள் தொடங்கலாம். நல்லதங்காளையும் அதன் அருகே வைக்கலாம். திருப்பி அனுப்பிய பெட்டி இன்னும் அவ்வன்பரின் இல்லத்தில் கட்டிலடியில் கிடப்பதாக அறிகிறோம். தீர்மானத்தை மாற்றுமாறு அடுத்த கூட்டத்தில் நாம் முன்மொழிவோம். வழிமொழிய ஓர் அன்பர் தேவை.