நிதியமைச்சரின் பதில்களில் நாம் எங்கே இருக்கிறோம்?

மக்களவையில் காலை 11 மணிக்கும் மாநிலங்களவையில் நண்பகல் 12 மணிக்கும் கேள்வி நேரம் தொடங்குகிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் வாய்மொழிப் பதிலுக்காகப் பட்டியலிடப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை அவையில் எழுப்பப்படும் முன்பே நேரம் முடிந்துவிடுகிறது. இன்னும் 230 கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் அளிக்கப்படுகிறது. ஊடகங்கள் பேசுவது நிதியமைச்சருக்கும் எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் இடையே நடக்கும் சொற்போரைத்தான். ஆனால் நம் வாழ்வைத் தீர்மானிக்கும் செய்திகள் எழுத்துப் பதில்களின் அட்டவணைகளில் ஓசையின்றிக் கிடக்கின்றன. அந்த அட்டவணைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் படித்தால் என்ன தெரிகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

முதல் கணக்கு: நீக்கப்பட்ட கடன்கள்

2022 டிசம்பரில் மாநிலங்களவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அளித்த பதிலின்படி, அதற்கு முந்தைய ஐந்து நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் தங்கள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் 10,09,511 கோடி ரூபாய். அதே காலத்தில், நீக்கப்பட்ட கடன்களிலிருந்து மீட்கப்பட்ட தொகை 1,32,036 கோடி ரூபாய். அதாவது நூறு ரூபாய் நீக்கப்பட்ட ஐந்தாண்டில் திரும்பி வந்தது 13 ரூபாய்.

இந்தக் கணக்கைச் சுட்டும்போதெல்லாம் அரசு ஒரே விளக்கத்தைத் தருகிறது: 'நீக்கம் என்பது தள்ளுபடி அல்ல, கடன் பெற்றவரின் பொறுப்பு தொடர்கிறது, மீட்பு நடவடிக்கைகளும் தொடர்கின்றன.' இந்த விளக்கம் தவறல்ல. நான்கு ஆண்டுகள் கடந்து, முழுமையாக ஒதுக்கீடு செய்யப்பட்ட வாராக்கடனை இருப்புநிலைக் குறிப்பிலிருந்து அகற்றுவது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்படி நடப்பதே. தள்ளுபடியையும் நீக்கத்தையும் குழப்பிக்கொண்டு பேசினால் நமது வாதம்தான் வலுவிழக்கும்.

ஆனால் அந்த ஒதுக்கீடு எங்கிருந்து வந்தது? வங்கியின் வருவாயிலிருந்து வந்தது. அந்த வருவாய் போதாதபோது பொதுப் பணத்திலிருந்து வந்தது. 2017 அக்டோபரில் பொதுத்துறை வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மறுமூலதனத் திட்டத்தை ஒன்றிய அரசு அறிவித்ததற்குக் காரணமே வாராக்கடன் சுமைதான். பெருங்கடனாளி திருப்பித் தராத பணத்தின் சுமையை, வங்கியின் வாசற்படியையே மிதிக்காதவரும் சேர்ந்து சுமக்கிறார்.

இரண்டாம் கணக்கு: இல்லாமைக்கு அபராதம்

2024 ஜூலையில் மக்களவைக்கு அளிக்கப்பட்ட இன்னொரு பதிலைப் பார்ப்போம். சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்காகப் பொதுத்துறை வங்கிகள் வசூலித்த அபராதம் 2019-20இல் 1,738 கோடி ரூபாய். 2023-24இல் அது 2,331 கோடியாக உயர்ந்தது. ஐந்தாண்டுகளில் மொத்தம் 8,495 கோடி. நாட்டின் மிகப் பெரிய வங்கியான பாரத ஸ்டேட் வங்கி இந்த அபராதத்தை 2020 மார்ச்சிலேயே கைவிட்டுவிட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கும் அரசின் விளக்கம் ஆயத்தமாகவே இருக்கிறது. ஜன் தன் கணக்குகளுக்கு இந்த அபராதம் கிடையாது. மற்றக் கணக்குகளில் இயக்குநர் குழு ஒப்புதல் பெற்ற கொள்கைப்படி வங்கிகள் கட்டணம் வசூலிக்க ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ளது. இதுவும் உண்மையே. ஆயினும் குறைந்தபட்ச இருப்பை வைக்க முடியாதவர் யார்? மாதச் சம்பளம் தவறாமல் வரும் கணக்கில் இருப்பு வற்றுவதில்லை. கூலி வந்த அன்றே கடைக்காரருக்கும் வட்டிக்காரருக்கும் கொடுத்துவிடும் குடும்பத்தின் கணக்கில்தான் வற்றும். இது இல்லாமையின் மீது விதிக்கப்பட்ட வரி. நாடாளுமன்றம் அதற்கு வாக்களிக்கவில்லை. வங்கிகளின் இயக்குநர் குழுக்கள் விதித்தன.

2025 நடுப்பகுதியில் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி உள்ளிட்ட பல பொதுத்துறை வங்கிகள் இந்த அபராதத்தைக் கைவிட்டன. ஆண்டுதோறும் இந்தத் தொகை எவ்வளவு என்று உறுப்பினர்கள் விடாது கேட்டுப் பதிவில் ஏற்றினார்கள். அந்தப் பதிவு இல்லையென்றால் பொதுவெளியில் இந்த விவாதமே எழுந்திராது. கேள்வி கேட்பது வீண் வேலை அல்ல என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாம் கணக்கு: நமக்கென்று சொல்லப்பட்ட கடன்

2015 சுதந்திர தின உரையில் பிரதமர் ஓர் உறுதியை அளித்தார்: நாட்டின் 1.25 லட்சம் வங்கிக் கிளைகளும் தலா ஒரு தலித் அல்லது பழங்குடித் தொழில்முனைவோருக்கும் ஒரு பெண் தொழில்முனைவோருக்கும் கடன் தர வேண்டும் என்பதே அது. 2016 ஏப்ரல் 5 அன்று 'ஸ்டாண்ட் அப் இந்தியா' என்ற பெயரில் அது திட்டமானது. கடன் வரம்பு 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை. இலக்கு 2.5 லட்சம் பேர்.

ஏழாண்டுகள் முடிந்தபோது, 2023 ஏப்ரலில் நிதி அமைச்சகம் பெருமையுடன் ஒரு கணக்கை வெளியிட்டது: 1,80,636 பேருக்கு 40,710 கோடி ரூபாய் ஒப்பளிக்கப்பட்டது. இலக்கில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் எட்டப்பட்டதாகத் தோன்றும். ஆனால் அதே அறிக்கையின் உட்பிரிவு வேறொன்றைச் சொல்கிறது. பெண்கள் 1,44,787 பேர். பட்டியல் சாதியினர் 26,889 பேர். பழங்குடியினர் 8,960 பேர்.

கிளைக்கு ஒருவர் என்ற கணக்கில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 1.25 லட்சம் பேர் பயன்பெற்றிருக்க வேண்டும். பெற்றவர்கள் 35,849 பேர். ஏழாண்டு முயற்சிக்குப் பின்னும் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பெண்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது என்பது நமது குறை அல்ல, அது வரவேற்கத்தக்கதே. ஒரு பிரிவில் இலக்கு தாண்டியதைக் காட்டி, மற்றொரு பிரிவில் நேர்ந்த தோல்வியைக் கூட்டுத்தொகைக்குள் புதைத்துவிட்டதே நமது குறை.

இப்போது இரண்டு எண்களை அருகருகே வைப்போம். ஏழாண்டுகளில் இத்திட்டத்தின்கீழ் பட்டியல் சாதியினருக்கு ஒப்பளிக்கப்பட்ட மொத்தக் கடன் 5,625 கோடி ரூபாய். ஐந்தாண்டுகளில் இருப்பு இல்லாத ஏழைகளிடமிருந்து பொதுத்துறை வங்கிகள் வசூலித்த அபராதம் 8,495 கோடி ரூபாய். இரண்டும் ஒரே காலகட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. அபராதம் கட்டியவர்கள் எல்லோரும் தலித்துகளும் அல்லர். ஒன்று வட்டியோடு திரும்பி வரவேண்டிய கடன். மற்றொன்று திரும்பாத வசூல். இவ்வளவு வேறுபாடுகளையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும், இந்த வங்கி அமைப்பு யாரிடம் கை நீட்டுகிறது, யாரிடம் கை விரிக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன.

ஏன் இந்த நிலை? தொழில் தொடங்குபவர் திட்ட மதிப்பில் குறைந்தது பத்து விழுக்காட்டைச் சொந்தப் பணமாகக் கொண்டுவர வேண்டும் என்பது விதியாக இருந்தது. ஈடு கேட்பதா, கடன் உத்தரவாத நிதியத்தின் பொறுப்பை ஏற்பதா என்பதை வங்கியே முடிவு செய்தது. நிலமும் வீட்டுப் பட்டாவும் தலைமுறைகளாக மறுக்கப்பட்ட ஒரு சமூகத்திடம் ஈடு கேட்பது, கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் மதில் எழுப்புவதற்கு ஒப்பானது. முன்னுரிமைத் துறைக் கடனில் நலிந்த பிரிவினருக்கு 12 விழுக்காடு என்ற விதியும் நமக்கு உதவவில்லை. சிறு, குறு விவசாயிகள், கைவினைஞர்கள், சிறுபான்மையினர் எனப் பலரோடு பட்டியல் சாதியினரும் அந்த ஒரே கூட்டில் அடக்கப்படுகின்றனர். நமக்கென்று தனி அளவு அதில் இல்லை.

வரியின் திசை

2019 செப்டம்பர் 20 அன்று அவசரச் சட்டம் மூலம் நிறுவன வரி 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது; புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடு. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என அரசே அறிவித்தது. பின்னர் நிறுவன வரி வசூல் உயர்ந்தது உண்மைதான். ஆனால் 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் வருமான வரி 22 பைசா, சரக்கு மற்றும் சேவை வரி 18 பைசா, நிறுவன வரி 17 பைசா. கூலித்தொழிலாளி தன் அன்றாடப் பொருள்களின் விலையோடு சேர்த்துச் செலுத்தும் வரியின் பங்கு, பெருநிறுவனங்கள் இலாபத்தின் மீது செலுத்தும் வரியின் பங்கைவிட அதில் அதிகமாக இருந்தது. 'வரி செலுத்துவோர் பணம்' என்று பேசப்படும்போதெல்லாம் அந்தச் சொல்லில் நாமும் அடக்கம் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தோல் தொழிலை எடுத்துக்கொள்வோம். 2022 ஜனவரி 1 முதல் ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட காலணிகளுக்கான வரி 5 விழுக்காட்டிலிருந்து 12 ஆனது. அதே ஆண்டு ஜூலை 18 முதல் தோல் பதனிடும் ஒப்பந்தப் பணிகளுக்கான வரியும் 5இலிருந்து 12 ஆனது. இரண்டும் மீண்டும் 5 விழுக்காட்டுக்கு வந்தது 2025 செப்டம்பர் 22இல்தான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் ஆக்ராவிலும் கான்பூரிலும் இந்தத் தொழிலின் உழைப்பில் பெரும்பகுதி தலித்துகளுடையதும் இசுலாமியர்களுடையதும் ஆகும். எந்த வேலையைக் காரணம் காட்டி நம்மைத் தீண்டத்தகாதவர் என்றார்களோ, அந்த வேலையின் மீது மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாகக் கூடுதல் வரி இருந்தது.

வரி உயர்வு குறித்துக் கேட்டால், 'அது மன்றத்தின் முடிவு. எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொண்டன' என்பதே வழக்கமான பதில். இது பாதி உண்மை. அரசமைப்பின் 279-அ பிரிவின்படி அந்த மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்கு மதிப்பு மூன்றில் ஒரு பங்கு; ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் ஒன்றிய அரசின் ஒப்புதல் இன்றி எதையும் நிறைவேற்ற முடியாது. ஆகவே மன்றத்தைக் காட்டி நிதியமைச்சர் பொறுப்பிலிருந்து விலக முடியாது. உடன் கையெழுத்திட்ட மாநில அரசுகளும் விலக முடியாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஸ்டாண்ட் அப் இந்தியாவின் காலம் 2025 மார்ச்சுடன் முடிந்தது. முதல்முறைத் தொழில்முனைவோரான பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் 5 லட்சம் பேருக்கு ஐந்தாண்டுகளில் இரண்டு கோடி ரூபாய் வரை கடன் தரும் புதிய திட்டம் 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. மறுபடியும் மூன்று பிரிவினருக்கும் சேர்த்து ஒரே எண். பழைய திட்டத்தில் நடந்தது இதிலும் நடக்கும் என அஞ்ச நமக்குக் காரணம் இருக்கிறது.

மக்களவையில் பட்டியல் சாதியினருக்கு 84 தனித் தொகுதிகள் உள்ளன. தமிழ்நாட்டில் மட்டும் ஏழு. அந்த உறுப்பினர்கள் பின்வருவனவற்றைக் கேட்க வேண்டும். புதிய திட்டத்தின் 5 லட்சத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனித்தனி இலக்கு எவ்வளவு? தலித் பெண் எந்தப் பட்டியலில் எண்ணப்படுவார்? எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, என்ன காரணத்தால்? ஒப்பளிக்கப்பட்ட தொகையில் கையில் கிடைத்தது எவ்வளவு? ஒரு தலித்துக்குக்கூடக் கடன் தராத கிளைகள் மாவட்டவாரியாக எத்தனை? வசூலித்த அபராதத்தைத் திருப்பித் தரும் எண்ணம் உண்டா?

'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்ற ஒரு வரியால் கடந்துவிட முடியாத கேள்விகள் இவை. இவற்றுக்கு எண்ணால் மட்டுமே பதில் சொல்ல முடியும். எண் இல்லை என்றால், ஏன் திரட்டவில்லை என்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இலும் மாகாண நிதியைப் பற்றி 1925இலும் நூல்களை வெளியிட்டார். அரசின் கணக்கேட்டைப் படித்து, அதில் நமது பங்கு என்ன என்று கேட்பது நமக்கு அவர் விட்டுச்சென்ற வேலை. நம் தொகுதி உறுப்பினருக்கு ஓர் அஞ்சல் அட்டையில் இந்தக் கேள்விகளை எழுதி அனுப்புவதிலிருந்து அதைத் தொடங்கலாம். கேள்விக்கான அறிவிப்பைப் பதினைந்து நாள்களுக்கு முன்பே தர வேண்டும் என்பதால், அடுத்த கூட்டத்தொடர் அறிவிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டாம்.